மூளை ‘ஒளிரும்’ படங்கள்: வாசகர் கேள்வி – பதில்

இசை கேட்பவரின் மூளையில் நிறங்கள் மாறிக்கொண்டே போவதைக் காட்டும் ஒரு காணொளியைப் பற்றிச் சென்ற இதழில் இரண்டு பத்திகள் எழுதியிருந்தேன். அதையொட்டி, குறுவை நடவு மும்முரத்துக்கு நடுவிலும் டெல்டா மாவட்டங்களிலிருந்து பல கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒரே பொருளைப் பற்றியவை என்பதால் இந்த இதழின் பக்கங்களை அவற்றுக்கே ஒதுக்கிவிட்டேன்.

அந்தக் காணொளியில் மூளையின் ஒரு பகுதி முதலில் மஞ்சளாகி, பிறகு சிவந்து, அடுத்த பகுதிக்குப் பரவியது. நடந்ததை நடந்தபடியே எடுத்த படமா அது? மூளை உண்மையிலேயே ஒளிர்கிறதா?
— கல்லூரி மாணவி, கும்பகோணம்

மூளை ஒளிர்வதில்லை. நிறம் என்பது அளவெடுத்து முடித்த பிறகு கணினியில் பூசப்படுவது. எஃப்.எம்.ஆர்.ஐ. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் செயல்சார் எம்.ஆர்.ஐ. நரம்பணுக்களின் வேலையை நேரடியாக அளப்பதும் இல்லை. அந்த வேலையைத் தொடர்ந்து அங்கே வந்து சேரும் இரத்தத்தைத்தான் அளக்கிறது.

நம் உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே உள்ள மூளை, நாம் சும்மா இருக்கும்போதுகூட உடல் செலவிடும் ஆற்றலில் 20 விழுக்காட்டை எடுத்துக்கொள்கிறது. ஆனால் எதிர்காலத் தேவைக்கென்று அதனிடம் பெரிய சேமிப்பு கிடையாது. ஆகவே எந்தப் பகுதியில் வேலை கூடுகிறதோ அந்தப் பகுதிக்கு உடனுக்குடன் இரத்தம் கூடுதலாக வந்தாக வேண்டும். இனி இரத்தத்தின் காந்த குணத்தைப் பார்ப்போம். ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபின் காந்தத்தால் மெல்ல ஈர்க்கப்படும், ஆக்சிஜனைச் சுமந்திருக்கும் ஹீமோகுளோபின் அப்படி ஈர்க்கப்படாது என்பதை லினஸ் பாலிங்கும் சார்லஸ் கோரியெல்லும் 1936இல் கண்டறிந்தார்கள். அந்த வேறுபாட்டை எம்.ஆர்.ஐ. படத்தில் காண முடியும் என்று செய்ஜி ஒகாவா 1990இல் எலிகளின் மூளையில் காட்டினார். 1992இல் ஒன்றுக்கு மேற்பட்ட ஆய்வுக்குழுக்கள் மனிதரிடமும் அதைக் காட்டின.

வேலை செய்யும் பகுதியில் ஆக்சிஜன் குறைந்துதானே போக வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். நடப்பது நேர்மாறானது. செலவானதைவிட அதிகமாகவே இரத்தம் அங்கே திறந்துவிடப்படுகிறது. ஒரு வயலுக்குத் தண்ணீர் கேட்டால் வாய்க்காலே நிரம்பிவிடுவதைப் போல. அதனால் ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபினின் பங்கு குறைந்து, சமிக்ஞை சற்றே உயர்கிறது. வழக்கமான 3 டெஸ்லா (டெஸ்லா என்பது காந்தப்புல வலிமையின் அலகு) கருவியில் அந்த உயர்வு பெரும்பாலும் ஓரிரு விழுக்காடுதான். நீங்கள் பார்த்த அடர்சிவப்பு முழுவதும் அந்தச் சிறு ஏற்றத்தின் மேல் பூசிய வண்ணம்.

மேட்டூரில் ஜூன் 12ஆம் தேதி திறந்த நீர் கல்லணைக்கு வந்து சேர மூன்று நான்கு நாட்கள் ஆகும் என்பதும், அங்கிருந்து கடைமடைக்குப் போக இன்னும் நாளாகும் என்பதும் கும்பகோணத்தில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மூளையிலும் இதுதான் நடக்கிறது. ஒரு நரம்பணுவின் மின்துடிப்பு ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் முடிந்துவிடும். இரத்தத்தின் ஏற்றமோ ஓரிரு நொடிகள் கழித்தே தொடங்கி, ஐந்தாறு நொடிகளில் உச்சம் தொட்டு, பிறகு இறங்கி, பழைய மட்டத்துக்கும் சற்றுக் கீழே போய், மீண்டும் நிலைக்கு வர இருபது நொடிகளோ அதற்கு மேலோ எடுத்துக்கொள்ளும். கடைமடையில் நின்று நீர்மட்டத்தை மட்டும் பார்ப்பவரால், மேலே மதகு எந்த நிமிடத்தில் திறந்தது என்று சொல்ல முடியாது.

இதில் பலரும் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. இந்தத் தாமதம் மூளை முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. பகுதிக்குப் பகுதி, ஆளுக்கு ஆள் மாறும். ஒரே நேரத்தில் திறந்த இரண்டு வாய்க்கால்களில் ஒன்றில் நீர் முந்தியும் மற்றதில் பிந்தியும் வருவதில்லையா? ஆகவே மஞ்சள் இங்கே முதலில் தோன்றியது, அங்கே பிறகு தோன்றியது என்பதை மட்டும் வைத்து, எண்ணம் இங்கிருந்து அங்கே போயிற்று என்று முடிவு கட்டுவது தவறு. அந்தக் காணொளிக்குக் குரல் கொடுத்தவர் அப்படித்தான் சொன்னார். சென்ற இதழில் நான் அதைச் சுட்டிக்காட்டியிருக்க வேண்டும்.

காணொளி வழவழப்பாக ஓடுவதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. பல ஆய்வுகளில் முழு மூளையையும் ஒருமுறை படமெடுக்க ஏறத்தாழ 2 நொடிகள் ஆகும். காணொளியோ நொடிக்கு 25 சட்டங்கள், அதாவது தனித்தனிப் படங்கள், கேட்கும். 2 நொடிக்கு 50 சட்டங்கள் என்றால் அவற்றில் ஒன்றுதான் அளந்தது. எஞ்சிய 49ஐயும் முன்னும் பின்னும் உள்ள அளவுகளைக் கொண்டு கணினி நிரப்புகிறது. அதில் ஏமாற்று ஏதும் இல்லை. ஆனால் நிரப்பியிருக்கிறோம் என்பதைப் படத்தின் அடியிலேயே எழுத வேண்டும் என்பதில் எனக்கு அசைக்க முடியாத கருத்து உண்டு.

சிவப்பாகாத பகுதிகள் வேலை செய்யவில்லை என்று பொருளா? நாம் மூளையில் பத்து விழுக்காட்டைத்தான் பயன்படுத்துகிறோம் என்று பேச்சாளர்கள் சொல்கிறார்களே?
— பள்ளி ஆசிரியர், மன்னார்குடி

பத்து விழுக்காடு என்பது ஆதாரமற்ற கூற்று. தயவுசெய்து மாணவர்களிடம் அதைச் சொல்லாதீர்கள்.

வெள்ளக் காலத்தில், மூன்று அடிக்கு மேல் நீர் நின்ற ஊர்களுக்கு மட்டும் சிவப்புப் புள்ளி வைத்து ஒரு வரைபடம் போடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். மூன்றடி ஓர் அங்குலம் நின்ற ஊர் சிவந்திருக்கும். ஓர் அங்குலம் குறைந்த பக்கத்து ஊர், நனையவே இல்லை என்பதுபோல வெள்ளையாக இருக்கும். மூளைப் படமும் அப்படிப்பட்டதே. ஒரு வரம்பை வைத்து அதற்கு மேலுள்ளதை மட்டும் நிறமிடுகிறார்கள். அதுவும் மொத்தச் செயல்பாட்டை அன்று. இரண்டு நிலைகளுக்கு இடையிலுள்ள வேறுபாட்டை. இசை கேட்டபோது இருந்த அளவிலிருந்து அமைதியில் இருந்த அளவைக் கழித்தால் எஞ்சுவதுதான் படத்தில் தெரிகிறது. இரண்டு நிலையிலும் ஒரே அளவில் உழைத்துக்கொண்டிருந்த பகுதி, எவ்வளவு உழைத்தாலும் படத்தில் தெரியாது. நாம் ஒரு வேலையில் இறங்கியவுடன் தன் செயல்பாட்டைக் குறைத்துக்கொண்டு, சும்மா இருக்கும்போது கூட்டிக்கொள்ளும் பகுதிகளும் உண்டு. மார்கஸ் ரெய்க்கிலும் அவருடைய குழுவினரும் 2001இல் இதை விரிவாக எழுதிய பிறகு, சும்மா இருக்கும் மூளையை ஆராய்வதே ஒரு தனித்துறையாக வளர்ந்துவிட்டது.

என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. வலிப்பு மருந்துக்கு அடங்காததால் அறுவை சிகிச்சை செய்யலாமா என்று பார்க்கிறார்கள். அதற்கு முன் எஃப்.எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். கதிர்வீச்சால் பிள்ளைக்குக் கெடுதல் வருமா? இதில் என்ன தெரியும்?
— ஒரு தாய், மயிலாடுதுறை

அம்மா, கதிர்வீச்சைப் பற்றிய கவலை வேண்டாம். எம்.ஆர்.ஐ. கருவியில் எக்ஸ்-கதிரோ கதிரியக்க மருந்தோ இல்லை. காந்தமும் ரேடியோ அலையும்தான். பெட் ஸ்கேன் என்பது வேறு. அதில்தான் கதிரியக்கப் பொருளை ஊசி வழியாகச் செலுத்துவார்கள். இங்கே பயப்பட வேண்டியது உலோகத்துக்குத்தான். 3 டெஸ்லா காந்தம் பூமியின் காந்தப்புலத்தைப் போல 60,000 மடங்கு வலியது. மகனின் இடுப்பில் அரைஞாண் கயிற்றோடு கட்டிய தாயத்து, சட்டையில் குத்திய ஊக்கு, பல்லில் போட்ட கம்பி, முன்பு ஏதேனும் அறுவை சிகிச்சையில் உள்ளே வைத்த உலோகம் என எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நீங்கள் உடன் உள்ளே போவதானால் இதே விதிகள் உங்களுக்கும் பொருந்தும்.

அறுவை சிகிச்சைக்கு முன் இதை எடுப்பதன் முதன்மையான நோக்கம், பேச்சுக்கும் கைகால் அசைவுக்கும் பொறுப்பான இடங்கள் எங்கே உள்ளன, வெட்டி எடுக்க நினைக்கும் இடத்துக்கு அவை எவ்வளவு அருகில் உள்ளன என்று அறிவது. வலக்கைப் பழக்கம் உள்ள பெரும்பாலோருக்குப் பேச்சு மூளையின் இடப்பக்கத்தில் இருக்கும். ஆனால் சிறு வயதிலிருந்தே வலிப்பு உள்ள சிலருக்கு அது வலப்பக்கத்துக்கு மாறியிருக்கலாம். கருவிக்குள் படுத்திருக்கும்போது, ‘க’ எழுத்தில் தொடங்கும் சொற்களை மனத்துக்குள் சொல், படத்தில் காண்பதன் பெயரை நினை என்பதுபோன்ற சிறு பணிகளைத் தருவார்கள். அரை நிமிடம் பணி, அரை நிமிடம் ஓய்வு என மாறி மாறிப் பல சுற்றுகள் நடக்கும். அந்த ஏற்ற இறக்கத்தோடு ஒத்து ஏறி இறங்கும் பகுதியைத்தான் அவர்கள் தேடுகிறார்கள்.

இதில் உங்களால் செய்யக்கூடிய உதவி பெரிது. பணிகளை முதல் நாளே மகனுக்குச் சொல்லித்தரும்படி கேளுங்கள். வீட்டில் அவன் எந்த மொழியில் பேசுகிறானோ அதே மொழியில் பணியைக் கொடுக்கும்படி வற்புறுத்துங்கள். ஆங்கிலச் சொற்பட்டியலைக் காட்டித் தமிழ்ப் பிள்ளையைச் சோதித்தால், பேச்சின் இடம் தெளிவாகத் தெரியாமல் போகலாம். தலையை அசைக்காமல் இருக்க வீட்டிலேயே ஐந்து ஐந்து நிமிடமாகப் பழக்குங்கள். உள்ளே பலத்த தட்டல் ஓசை கேட்கும், காதடைப்பான் தருவார்கள்.

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். வலிப்பு எங்கே தொடங்குகிறது என்பதை அறிய மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி.யும் வீடியோ இ.இ.ஜி.யும்தான் முதன்மை, எஃப்.எம்.ஆர்.ஐ. அவற்றுக்குத் துணை. இந்த ஒரு படத்தை மட்டும் வைத்து எந்த நல்ல மருத்துவரும் கத்தியை எடுப்பதில்லை. இரண்டாவது கருத்து கேட்க விரும்பினால், திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்திலும் பெங்களூரு நிம்ஹான்ஸிலும் வலிப்பு அறுவை சிகிச்சைக்கென்றே தேர்ந்த குழுக்கள் உள்ளன.

இத்தகைய படத்தைக் கொண்டு ஒருவர் பொய் சொல்கிறாரா என்று காவல்துறை கண்டுபிடிக்க முடியுமா?
— வாசகர், திருத்துறைப்பூண்டி

நம்பத்தக்க அளவில் முடியாது. பலரின் சராசரியில் தெரியும் வேறுபாட்டைக் கொண்டு, ஒரு தனி மனிதர் ஒரு குறிப்பிட்ட கேள்விக்குச் சொன்ன விடையை உறுதிசெய்ய இயலாது. சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. செல்வி எதிர் கர்நாடக மாநிலம் என்ற வழக்கில் 2010 மே மாதம் உச்ச நீதிமன்றம், ஒருவரின் இசைவில்லாமல் நார்கோ சோதனையோ, பொய்யறியும் கருவிச் சோதனையோ, மூளை மின்னலைச் சோதனையோ நடத்தக் கூடாது என்று தீர்ப்பளித்தது.

பொறியியல் இறுதியாண்டுத் திட்டப்பணிக்காக ஓப்பன்நியூரோ தளத்திலிருந்து எஃப்.எம்.ஆர்.ஐ. தரவை இறக்கி வைத்திருக்கிறேன். காலப்போக்கில் மூளை மாறுவதைக் காட்டும் காணொளி செய்ய ஆசை. எங்கிருந்து தொடங்குவது?
— மாணவர், தஞ்சாவூர்

காணொளியிலிருந்து தொடங்காதீர்கள் என்பதே என் முதல் வேண்டுகோள். கோட்டிலிருந்து தொடங்குங்கள்.

உங்கள் கையில் இருப்பது என்ன? பத்து நிமிடம், 2 நொடிக்கு ஒரு படம் என்றால் 300 படங்கள். ஒவ்வொன்றையும் மும்மூன்று மில்லிமீட்டர் பக்கமுள்ள சிறு கனசதுரங்களாக அறுத்தால், மூளைக்குள் விழுபவை மட்டும் ஏறத்தாழ 50,000 இருக்கும். ஒவ்வொரு கனசதுரத்துக்குள்ளும் நரம்பணுக்கள் லட்சக்கணக்கில். ஆக, 300 புள்ளிகள் கொண்ட 50,000 கோடுகள் உங்களிடம் இருக்கின்றன. முதலில் அவற்றில் ஒன்றே ஒன்றை எடுத்துத் தாளில் வரைந்து, பணி கொடுத்த நேரங்களை அதன் அடியில் குறித்துப் பாருங்கள். இத்தாலியில் அஞ்சலோ மோசோ 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இதைத்தான் செய்தார். தலையில் காயம்பட்டு மண்டையோட்டில் திறப்பு உண்டாகியிருந்த ஒரு விவசாயியின் மூளைத் துடிப்பை அவர் சுழலும் உருளையில் கோடாகப் பதிவு செய்தார். நண்பகல் தேவாலய மணி கேட்டபோது அந்தக் கோடு உயர்ந்தது. காந்தமும் கணினியும் இல்லாத காலத்தில் கோடு சொன்ன செய்தி அது.

அடுத்து, 50,000 கோடுகளையும் ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொரு புள்ளியையும் சாம்பல் நிறத்தின் அடர்த்தியாக மாற்றி ஒரே பாயாக விரியுங்கள். இதைக் கம்பளப் படம் என்பார்கள். நம் ஊர்க் கோரைப்பாயை நினைத்துக்கொண்டாலும் சரிதான். இடமிருந்து வலமாகக் காலம், மேலிருந்து கீழாக மூளை. அதற்கு நேர்மேலே தலை அசைவின் கோட்டை வையுங்கள். தலை அரை மில்லிமீட்டர் நகர்ந்த இடங்களிலெல்லாம் பாயில் மேலிருந்து கீழ்வரை கோடு விழுந்திருப்பதைக் காண்பீர்கள். அதைப் பார்க்காமல் காணொளி செய்திருந்தால், அந்த நொடியில் மூளை முழுவதும் பளீரென்று சிவந்து, பார்ப்பவர்களெல்லாம் வியந்திருப்பார்கள். வியப்புக்குக் காரணமோ கருவிக்குள் படுத்திருந்தவர் எச்சில் விழுங்கியது.

வரம்பு வைப்பதில் மிகுந்த கவனம் வேண்டும். 50,000 இடங்களில் ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சோதித்து, ஐந்து விழுக்காடு தவறை அனுமதித்தால், எதுவுமே நடக்காதபோதும் ஏறத்தாழ 2,500 இடங்கள் சிவந்து நிற்கும். ஆகவே சோதனைகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப வரம்பைக் கடுமையாக்கித் திருத்த வேண்டும். 2009இல் கிரெய்க் பென்னட்டும் உடனாய்வாளர்களும் இறந்துபோன ஒரு சால்மன் மீனைக் கருவிக்குள் வைத்து, மனிதரின் படங்களை அதற்குக் ‘காட்டி’, இந்தத் திருத்தத்தைச் செய்யாமல் கணக்கிட்டபோது மீனின் மூளையிலும் சில புள்ளிகள் ‘செயல்பட்டன’, திருத்தியதும் மறைந்தன. உங்கள் வழிகாட்டிப் பேராசிரியர் இதைக் கேட்காவிட்டாலும் உங்கள் அறிக்கையில் இது இருக்கட்டும்.

இவ்வளவும் முடிந்த பிறகு காணொளிக்கு வாருங்கள். பைத்தான் தெரிந்தால் நைலேர்ன் நூலகம் போதும், எஃப்.எஸ்.எல்., ஏ.எஃப்.என்.ஐ. போன்ற இலவசத் தொகுப்புகளும் உண்டு. நிற அளவுகோலைத் தொடக்கத்தில் ஒருமுறை நிர்ணயித்துவிட்டு, கடைசிச் சட்டம்வரை மாற்றாதீர்கள். சட்டத்துக்குச் சட்டம் தானாக மாறும் அளவுகோலில், அமைதியான நொடியும் கொந்தளித்த நொடியும் ஒரே சிவப்பில் வரும். வானவில் நிறவரிசையைத் தவிருங்கள். பச்சை மஞ்சளாகும் இடத்தில் கண் ஓர் எல்லையைக் காணும், தரவில் அப்படி ஓர் எல்லை இருக்காது. கறுப்பிலிருந்து வெளிர்மஞ்சள்வரை சீராக ஏறும் வரிசை நல்லது. மூளைப் படத்தின் அடியில் முதலில் வரைந்த அந்தக் கோட்டையும் ஓடவிட்டு, இப்போது எந்த நொடி என்பதைக் காட்டும் ஒரு குத்துக்கோட்டை அதன் மேல் நகர்த்துங்கள். பார்ப்பவர் நிறத்தை நம்பத் தேவையில்லாமல் தாமே சரிபார்த்துக்கொள்ளலாம்.

இரு பகுதிகளுக்கு இடையிலான தொடர்பு காலப்போக்கில் மாறுவதைக் காட்ட, அரை நிமிடம், ஒரு நிமிடம் என ஒரு சிறு காலத்துண்டை (இதைச் சன்னல் என்பார்கள்) நகர்த்திக்கொண்டே போய், அதற்குள் இரு கோடுகளின் ஒப்புமையைக் கணக்கிடும் முறையும் உண்டு. ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத இரண்டு கோடுகளைக் கொடுத்தாலும் குறுகிய சன்னலில் ஒப்புமை ஏறி இறங்கத்தான் செய்யும். அப்படிப்பட்ட பொய்க்கோடுகளை நீங்களே உருவாக்கி, அதே கணக்கை அவற்றுக்கும் செய்து, பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.

என் தந்தை தவில் வித்வான். அவர் வாசிக்கும்போது மூளையில் என்ன நடக்கிறது என்பதை இப்படிப் படமெடுக்க முடியுமா?
— வாசகர், திருவாரூர்

இந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் யோசித்தேன். தவிலோடு கருவிக்குள் போக முடியாது. குறுகிய குழாயில் மல்லாந்து படுத்திருக்க வேண்டும், தோள் அசைந்தால் தலையும் அசையும். ஆனால் கேள்வியைச் சற்றே மாற்றிக்கொண்டால் வழி உண்டு.

தவிலில் வலக்கை விரல்களில் கூடு மாட்டி வாசிப்பார்கள், இடக்கை கழியைப் பிடிக்கும். வலக்கையின் அசைவை மூளையின் இடப்பக்க இயக்கப் புறணி (அசைவை ஆளும் மேலடுக்குப் பகுதி) ஆளுகிறது, இடக்கையின் அசைவை வலப்பக்கம். சிறுமூளையில் மட்டும் எந்தக் கையோ அதே பக்கம். உங்கள் தந்தை கூடுகளைக் கழற்றிவிட்டு, விரல்களை மட்டும் மெல்லத் தட்டினால் இவை மூன்றுமே படத்தில் தெளிவாகத் தெரியும். விரல் தட்டுவது இந்தத் துறையின் மிகப் பழைய பரிசோதனைகளில் ஒன்று. 1995இல் பரத் பிஸ்வால் குழுவினர் விரல் தட்டும் பரிசோதனையில் இரு பக்க இயக்கப் பகுதிகளையும் கண்டறிந்த பிறகு, விரல் அசையாமல் ஓய்வில் இருக்கும்போதும் அவ்விரண்டும் ஒன்றாக ஏறி இறங்குவதைக் கண்டார்கள். ஐம்பது ஆண்டுகள் இரு கைகளையும் ஒரே தாளத்தில் பிணைத்து வாழ்ந்தவரிடம் அந்தப் பிணைப்பு எப்படி இருக்கும் என்று பார்க்க எனக்குப் பேராவல்.

விரலையும் அசைக்காமல் கேட்கும் நிலையிலேயே பார்க்கலாம். சீரான தாளத்தைக் கேட்டால், கேட்பவர் அசையாதிருந்தாலும் அசைவைத் திட்டமிடும் பகுதிகளும் மூளையின் ஆழத்திலுள்ள அடிக்கருக்கள் என்னும் நரம்பணுத் தொகுதிகளும் வேலை செய்கின்றன என்பது பல ஆய்வுகளில் உறுதிப்பட்டது. சொற்கட்டை வாயால் சொன்னால் தாடை அசைவு படத்தைக் கெடுக்கும். மனத்துக்குள் சொல்லச் சொல்லலாம். உட்கார்ந்து தவிலே வாசித்தாக வேண்டும் என்றால், தலையில் ஒளியைச் செலுத்தி இரத்தத்தை அளக்கும் அகச்சிவப்பு முறை இருக்கிறது. அது மூளையின் மேற்பரப்பை மட்டுமே எட்டும்.

கருவியின் தட்டல் ஓசைதான் பெரிய இடையூறு. 100 டெசிபெலைத் தாண்டும் அந்த ஓசைக்கு நடுவே தாளம் கேட்பது எப்படி? இங்கேதான் முன்பு சொன்ன தாமதம் நமக்குத் துணைக்கு வருகிறது. இரத்தத்தின் ஏற்றம் ஐந்தாறு நொடி பிந்தி வருவதால், கேட்கும்போதே படமெடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கருவியை மௌனமாக வைத்துவிட்டு, சில நொடிகள் நீளும் ஒரு சொற்கட்டை மட்டும் ஒலிக்கவிட்டு, அது முடிந்த பிறகு ஏற்றம் உச்சத்தில் நிற்கும் நேரம் பார்த்து ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம். பிறகு மீண்டும் மௌனம், மீண்டும் சொற்கட்டு. ஆய்வாளர்கள் இடைவெளி விட்டு எடுக்கும் இந்த முறையை ஒலி தொடர்பான ஆய்வுகளில் பயன்படுத்திவருகிறார்கள். ஒரு மணி நேரத்தில் கிடைக்கும் படங்கள் குறைவாகவே இருக்கும். ஆனால் அந்த ஒரு மணி நேரமும் உங்கள் தந்தை தாளத்தை இடையூறின்றிக் கேட்டிருப்பார்.